தூணிலிருந்து முந்தானைக்கு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில், 16ஆம் நூற்றாண்டு விஜயநகரச் சிற்பிகள் செதுக்கிய யாளிகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றன. ஊரின் பட்டுச்சேலைகளில், கரையிலும் முந்தானையிலும் யாளி வரிசைகட்டிப் போகிறது. கல்லை விட்டு நூலுக்கு வந்துசேர அதற்கு வழிவிட்டது காகிதம்.

சிற்பிக்கு வளைவு எளிது. தறிக்கோ வளைவே தெரியாது. பாவு நெட்டாக ஓடும், ஊடை குறுக்கே ஓடும். அதனால் டிசைன் போடுகிறவர் யாளியை வரைந்துகொண்டு, கட்டம் போட்ட கிராஃப் தாளில் இறக்குவார். பிடரிச் சுருள் படிப்படியாக உடையும். கண்ணுக்கு நாலைந்து கட்டம் ஒதுக்கினால் பல்லுக்கு இடமிருக்காது. பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கருவியில் 240 கொக்கி என்றால் அதற்குள்தான் மிருகம் அடங்க வேண்டும். யாளிகளை எதிரெதிராக நிறுத்துவதில் அழகோடு கணக்கும் உண்டு: இரு பக்கத்து இழைகளையும் ஒரே கொக்கியில் கட்டிவிட்டால், பாதிக் கொக்கியில் முழு ஜோடியும் கிடைத்துவிடும்.

அடுத்தது அட்டை அடிப்பது. ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். அட்டை வருவதற்கு முன்பெல்லாம் ‘அடை’ என்ற முறையில் இழைகளைக் கட்டி நெய்தார்கள். நெசவாளி கேட்கும் இழைகளைத் தூக்கிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலையைத்தான் 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டின் கருவி அட்டைகளிடம் ஒப்படைத்தது.

கட்டத் தாள் அதைவிடப் பழையது. 1587இல் ஃபெதெரிகோ வின்சியோலோ பாரிஸில் வெளியிட்ட பின்னல்வேலைப் புத்தகத்தில் சிங்கமும் மயிலும் கட்டங்களாகவே அச்சாகியிருந்தன. வாங்கியவர்கள் கட்டத்தை எண்ணித் தங்கள் துணியில் போட்டுக்கொண்டார்கள்.

இன்று கிராஃப் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டையும் இல்லை. நன்றாக ஓடும் சேலையை செல்போனில் படமெடுத்தால் அடுத்த தெருவில் அதே யாளியை இறக்கிவிடலாம். புவிசார் குறியீடு காஞ்சிப் பட்டின் பெயரைக் காக்கும், அதில் ஓடும் டிசைனை அல்ல. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் 10 ஆண்டு உரிமை தருகிறது, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பதிவு செய்ய டிசைன் புதியதாக இருக்க வேண்டும்.

கோயில் யாளிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, கொண்டாடவும் வேண்டாம். ஆனால் எந்தப் பல்லை விடுவது, எந்தக் கண்ணை வைப்பது என்று தீர்மானித்தவரின் பெயரைச் சேலையோடு ஒட்டிவரும் சீட்டில் அச்சிடலாம். சிற்பி பெயரில்லாமல் போனதுபோல் இவரும் போக வேண்டியதில்லை.