அடியின் மாத்திரை

2018ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களில், மட்டையின் தோள்பகுதியில் ஒட்டும் ஒரு சிறு மின்னணு உணரி சோதித்துப் பார்க்கப்பட்டது. எடை ஐந்து கிராமுக்கும் குறைவு. அனில் கும்ப்ளே தொடங்கிய ஸ்பெக்டாகாம் நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து உருவாக்கியது அது. பந்து படும் கணத்தில் மட்டை என்ன வேகத்தில் வந்தது, கைக்குள் எவ்வளவு திரும்பியது, பந்து ஸ்வீட் ஸ்பாட்டுக்கு எத்தனை அருகில் பட்டது ஆகிய மூன்றையும் எண்ணாக்கித் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில், சில ஆட்டக்காரர்களின் மட்டைக் கைப்பிடி உச்சியில் பேட்சென்ஸ் என்ற உணரி ஏறியிருந்தது. கிரிக்கெட் மட்டைக்கு இந்த அளவை புதிது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குத் தெற்கே, ஓர் அடி எங்கே விழுகிறது, என்ன விசையோடு விழுகிறது, அதனால் என்ன ஆகும் என்று வகுத்து ஓலையில் எழுதி வைத்த மரபு பல தலைமுறைகளாக இருந்து வந்திருக்கிறது. இன்றைய உணரி எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதை அந்த மரபை அருகில் வைத்துப் பார்த்தால்தான் சரியாக எடைபோட முடியும் என்று நினைக்கிறேன்.

இந்த மாவட்டத்தின் கைப்போர்க் கலையான அடிமுறையும், உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மமும் ஒரே ஆசானிடம் கற்கப்பட்டவை. ஆசான்மார் வழி வலுவாக வேரூன்றியது மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம். வர்ம நூல்கள் உடலில் 108 வர்மங்களைச் சொல்கின்றன: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஒவ்வொன்றும் இருக்கும் இடம் விரலளவால் குறிக்கப்படும்; இன்ன எலும்புக்கு இத்தனை விரல் கீழே என்பது போல. அடியின் விசைக்கு அளவு மாத்திரை. கால், அரை, முக்கால், முழு மாத்திரை என்று அது ஏறும். இந்த அளவைகளோடு சேர்ந்து வரும் மூன்றாவது ஒன்றுதான் என் வாதத்துக்கு முக்கியம். இன்ன வர்மத்தில் இத்தனை மாத்திரை கொண்டால் இன்ன குறி தெரியும், இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், அதற்கான அடங்கல் (இளக்கும் புள்ளி) இது, தடவுமுறை இது என்று நூல் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போகும். அளந்தபின் செய்யவேண்டிய செயலைச் சொல்லாமல் வெறும் அளவோடு அது நிற்பதில்லை.

அளவையும் சிகிச்சையும் கொண்ட இந்தச் சேர்க்கை எப்படி நிலைத்தது என்பதற்கு இந்த மண்ணின் அரசியல் வரலாறு ஓரளவு விடை சொல்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாயைக் கொண்டே தன் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டை அதன் மையமாயிற்று. துப்பாக்கியும் அணிவகுப்பும் வந்தபின் கைப்போரின் இடம் சுருங்கத் தொடங்கியது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1808 இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்தார். 1809இல் பிரிட்டிஷ் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது; திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. போர்க்களம் இல்லாமல் போனபின் அடிமுறை இரண்டு இடங்களில் தங்கியது: ஒன்று களரி என்னும் பயிற்சிக்கூடம், மற்றொன்று வைத்தியசாலை. பனையேறி விழுந்தவன், மாடு முட்டியவன், சுமை தூக்கித் தோள் பிசகியவன் எல்லாரும் ஆசானிடம் வந்தார்கள். அடிக்கக் கற்ற அளவையே அடிபட்டவனைத் தேற்றவும் பயன்பட்டது. அளப்பவனே பொறுப்பேற்கவும் வேண்டியிருந்ததால்தான் அந்த அளவை வெறும் எண்ணாக உலரவில்லை என்று கருத இடமிருக்கிறது.

இப்போது மட்டை உணரிக்கு வருவோம். உள்ளே இருப்பவை முடுக்கமானியும் சுழற்சிமானியும். முன்னது வேக மாற்றத்தையும் பின்னது திரும்பும் வீதத்தையும் ஒரு நொடிக்குள் பலமுறை பதிவு செய்கின்றன; அவற்றைக் கூட்டிக் கணக்கிட்டு மட்டை சென்ற பாதை வரையப்படுகிறது. சிறு பிழைகளும் அதோடு கூடிக்கொண்டே போகும் என்பதால் அடிக்கடி திருத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பொறியியல் மதிப்புக்குரியது. பேக்லிஃப்ட் எந்தத் திசையில் எழுகிறது, மட்டை முகம் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதைக் கண்ணால் இவ்வளவு நுட்பமாகப் பிடிக்க முடியாது. ஆனால் உணரி அறிவது மட்டையை மட்டும். முன்கால் எங்கே விழுந்தது, உடல் எடை எந்தக் காலில் இருந்தது, தலை பந்தின் கோட்டுக்கு வந்ததா, பந்து எழும்பியதா தாழ்ந்ததா என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. அடிமுறை தொடங்குவதோ சுவடில், அதாவது கால்வைப்பில். கை வீசக் கற்றுத் தரும் முன் கால் வைக்கக் கற்றுத் தருவார்கள். கால் தவறிய அடியை ஆசான் அடியாகவே கொள்வதில்லை. கிரிக்கெட்டிலும் மட்டை கைக்குள் திரும்புவதற்குக் காரணம் பல நேரங்களில் கையில் இருக்காது. கால் பந்தை எட்டாமல் கை மட்டும் எட்டும்போதும் மட்டை முகம் திரும்பும். திரும்பிய அளவை உணரி துல்லியமாகச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எண்ணைப் பார்த்த சிறுவன் பிடியை இறுக்குவான். பிழை காலிலேயே இருக்கும்.

மாத்திரையை ஓர் அளவை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். ஓர் ஆசானின் அரை மாத்திரை இன்னோர் ஆசானுக்கு முக்காலாக இருக்கலாம்; ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரு பொது அளவுகோல் இல்லை. இது நியாயமான கேள்வி. மாத்திரையை நியூட்டனில் மாற்றிச் சொல்ல முடியாது என்பதையும், நூலில் உள்ள ஒவ்வொரு விளைவும் இன்றைய மருத்துவச் சோதனையில் தேறியதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நான் அந்த மரபிடம் கேட்பது துல்லியத்தை அல்ல, அளவையின் அமைப்பை: இடம், விசை, விளைவு, மீட்பு என்ற நான்கும் ஒரே வரிசையில் கட்டப்பட்டிருப்பதை. உணரியில் முதல் இரண்டும் அற்புதமாக இருக்கின்றன. பின்னிரண்டுக்கும் இடமே ஒதுக்கப்படவில்லை. 2018இல் அந்த எண்கள் ஒளிபரப்பைச் செறிவூட்டும் நோக்கத்தோடும் வந்தவை. திரையில் தோன்றும் வேகம் பார்வையாளருக்குச் சுவை. ஆடுகிறவனுக்கு அது பாடமாக வேண்டுமானால் நடுவில் ஒருவர் வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. வர்மம் மறைத்து வைக்கப்பட்ட கல்வி. பல ஆண்டுகள் பணிவிடை செய்து நம்பிக்கை பெற்ற சீடனுக்குத்தான் சுவடி திறக்கும்; ஆசான் சொல்லாமல் இறந்தால் அவரோடு அதுவும் போகும். உயிர்நிலைகளைப் பற்றிய அறிவு கண்டவர் கைக்குப் போகக் கூடாது என்ற அச்சம் புரிகிறது, ஆனால் இழப்பு உண்மை. உணரி இந்த வாசலைத் திறந்து விடுகிறது. உணரியும் ஒரு கைப்பேசியும் இருந்தால் நாகர்கோவில் வடசேரி அண்ணா விளையாட்டரங்கில் ஆடும் பையனும் தேசிய அணியில் ஆடுகிறவருக்குக் கிடைக்கும் வகை எண்ணைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாவட்டத்துக்கு இது சிறிய விஷயம் இல்லை. இந்த இடத்தில் நான் உணரியின் பக்கம்தான். எண் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

ஆனால் எண்ணோடு ஆசானும் கிடைக்க வேண்டும். மாவட்டத்துக் கோச்சுகள் உணரியின் பதிவையும் பக்கவாட்டில் எடுத்த காணொளியையும் சேர்த்து வைத்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் கால் எங்கே இருந்தது என்று குறித்து வந்தால், சில பருவங்களில் இந்த ஊர்ப் பையன்களுக்கான ஒரு குறிப்பேடு உருவாகும்: இன்ன கோணத்தில் மட்டை திரும்பினால் இன்ன கால்பிழையைத் தேடு, இன்ன பயிற்சி கொடு என்று. அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பூட்டி வைக்காமல் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் போதும்.