வானத்து வாளி – அத்தியாயம் 6: டோர்பிடோ இருந்த வயிற்றில் தண்ணீர்

சென்ற வாரம் கதையைப் பேராதனைப் பூங்காவில், மவுண்ட்பேட்டனின் தலைமையகத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியை விட்டுக் கண்டிக்கு வந்துவிட்டது. மகாவலி வளைந்தோடும் அந்தப் பூங்காவுக்குள் இருந்துகொண்டுதான் பர்மாவையும் மலாயாவையும் மீட்கத் திட்டம் தீட்டினார்கள். அந்த யுத்த காலத்தில் இலங்கைத் தளங்களிலிருந்து பறந்த விமானங்களுள் இரண்டு வகை, பிற்பாடு காட்டுத்தீயை எதிர்க்கப் போயின என்றும் சொல்லியிருந்தேன். அவை எவை?

முதலாவது கட்டலினா. காலிக்கு அருகே கொக்கலை வாவியிலிருந்து எழும்பிய பறக்கும் படகு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கனடிய விமானப்படையின் 413ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சல் ஓட்டிச் சென்ற கட்டலினாதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டுகொண்டது. வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் உயிர் தப்பிய ஆறு பேரும் சிறைப்பட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. குண்டு விழுமுன் எச்சரிக்கை கொழும்பை எட்டியிருந்தது.

இரண்டாவது அவெஞ்சர். டோர்பிடோவை வயிற்றுக்குள் சுமந்து செல்லும் ஒற்றை எஞ்சின் விமானம். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் இவற்றின் ஸ்குவாட்ரன்கள் நின்றன. 1944 மே 17இல் ஜாவாவின் சுரபாயாத் துறைமுகத்தைத் தாக்கியவற்றுள் இவையும் உண்டு.

யுத்தம் ஓய்ந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்கள் வேலையில்லாமல் நின்றன. குண்டு போடத் தெரிந்த விமானத்தால் தண்ணீர் போட முடியாதா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. 1947இல் போர் விமானங்களில் தண்ணீர் நிரப்பிய குண்டுகளை மாட்டி எறிந்து பார்த்தார்கள். அந்த முயற்சி பரீட்சையோடு நின்றுபோனது. அதை மறுபடி கையிலெடுக்க வைத்தது பதினைந்து பேரின் சாவு.

1953 ஜூலை 9, கலிபோர்னியாவின் மென்டசீனோ தேசியக் காடு. ஒரு பள்ளத்துக்குள் விழுந்து பற்றிய சிறு தீயை அணைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது ஒரு குழு. பெரும்பாலானோர் சமயப்பணித் தொண்டர்கள். அதுவரை மலை ஏறிக்கொண்டிருந்த காற்று, இருட்டியபின் திசை மாறி மலையிலிருந்து கீழ்நோக்கி வீசத் தொடங்கியது. தீ அவர்களை நோக்கி இறங்கியது. மேட்டுக்கு ஏறி ஓடியவர்கள் பிழைத்தார்கள். பள்ளத்தின் வழியே கீழே ஓடிய பதினைந்து பேரைத் தீ துரத்திப் பிடித்தது.

மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பகலில் மேலேறி இரவில் கீழிறங்கும் காற்று கண்டியின் ஹந்தானைச் சரிவிலும் உண்டு. அதை அறியாமல் தீக்குக் கீழே நிற்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

அதே காட்டுக்குத் தீத்தடுப்பு அதிகாரியாக வந்தவர் ஜோ ஈலி. அருகில் வில்லோஸ் என்றொரு சிற்றூர், சுற்றிலும் நெல் வயல்கள். அங்கே விமானத்திலிருந்து விதை நெல் தூவுவதைத் தொழிலாகக் கொண்ட நோல்டா குடும்பத்தாரிடம் ஈலி போனார். நெல்லைத் தூவுகிறீர்களே, தண்ணீரைக் கொட்ட முடியுமா என்று கேட்டார். சில நாட்களில் பதில் வந்தது, வார்த்தையில் அல்ல. ஸ்டியர்மன் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் வயிற்றில் ஓட்டை வெட்டி, ஒரு கதவு பொருத்தி, அதைத் திறக்க ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். ஓடுபாதை ஓரத்துப் புல்லுக்குத் தீ வைத்தார்கள். வான்ஸ் நோல்டா தாழப் பறந்து வந்து கயிற்றை இழுத்தார். புல் அணைந்தது.

1955 ஆகஸ்டில் அதே காட்டில் மெண்டன்ஹால் என்ற பெயரால் அறியப்படும் நிஜத் தீ எழுந்தபோது அந்த ஸ்டியர்மன் பறந்துபோய்த் தண்ணீர் கொட்டியது. தாங்கியின் கொள்ளளவு 170 கலன், ஏறத்தாழ 640 லீற்றர். அவ்வளவு சிறிய விமானத்தில்தான் இந்தத் தொழில் தொடங்கியது.

அதன்பின் அவெஞ்சரின் முறை. டோர்பிடோ இருந்த அறைக்குள் தண்ணீர்த் தாங்கி உட்கார்ந்தது. ஒரு தடவைக்கு இரண்டாயிரம் லீற்றருக்கு மேல் கொட்டலாம். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் காடுகளில் இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் அவெஞ்சர்கள் பறந்துகொண்டிருந்தன. கட்டலினாவுக்கோ நிலத்துக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஏரியை உரசிக்கொண்டு ஓடும்போதே தண்ணீரை அள்ளிக்கொண்டு எழும்பிவிடும். கனடாவில் கட்டலினாக்களைக் கட்டிய நிறுவனத்தின் வாரிசான கனடேர், 1967 ஒக்டோபரில் தீயணைப்புக்கென்றே வடிவமைத்த சி.எல். 215ஐப் பறக்கவிட்டது. ஐயாயிரம் லீற்றருக்கு மேல் அள்ள அதற்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி போதும்.

அப்படியானால் கண்டி மலைகளுக்கு மேல் ஏன் அந்த விமானங்கள் வரவில்லை?

ஹந்தானையை அண்ணாந்து பாருங்கள், காரணம் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே எழும் அந்தத் தொடரில் மானாப்புல்லும் பைன் மரங்களும் மாறி மாறி வருகின்றன. வரட்சி வந்தால் மானாப்புல் அடிவரை காய்ந்துவிடும். பைன் மரத்தின் கீழோ உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கும். 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்த பிறகும் எரிகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடர் உலக மரபுரிமையாகி அதே அளவு காலம் ஆகிறது, அங்கும் எரிகிறது. தீ தானாக வருவதில்லை. மேய்ச்சலுக்கோ வேட்டைக்கோ விளையாட்டுக்கோ, யாரோ ஒருவர் வைக்கிறார்.

குறுகிய பள்ளத்தாக்கு, செங்குத்துச் சரிவு. இதற்குள் பெரிய விமானம் நுழைந்து திரும்ப இடமில்லை. கண்டி வாவியோ நான்கு பக்கமும் மலையும் வீடுகளும் சூழ்ந்த நகர் நடுவே இருக்கிறது. வேலூரில் கைதியாக இறந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய அந்த வாவியில் ஒரு பறக்கும் படகு இறங்கி எழுவது நடக்கிற காரியமல்ல.

இங்கே கைகொடுப்பது ஹெலிகொப்டரும் அதன் அடியில் தொங்கும் வாளியும்தான். 1980களின் தொடக்கத்தில் டொன் ஆர்னி என்ற கனடியர் வடிவமைத்த பாம்பி வாளி அது. துணியாலானது, மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வரலாம். குளத்திலோ நீர்த்தேக்கத்திலோ அமிழ்த்தித் தூக்கினால் நிரம்பிவிடும். விமானி பொத்தானை அழுத்தினால் அடி திறக்கும். இலங்கை விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர்கள் மலையகத் தீக்கு மேல் இதைக் கொண்டுபோயிருக்கின்றன. ஆனால் கண்டியில் விமான நிலையம் இல்லை. இரத்மலானையிலிருந்தோ ஹிங்குராக்கொடையிலிருந்தோ ஹெலிகொப்டர் வந்து சேர வேண்டும். இருட்டினால் வேலை நின்றுவிடும். மிகத் தாழ நின்று கொட்டினால் சுழலியின் காற்றே தீயை விசிறிவிடும்.

2024 மார்ச்சில் நீலகிரியின் குன்னூரில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிப் பற்றிய தீ நாட்கணக்கில் அடங்கவில்லை. இந்திய விமானப்படையின் எம்.ஐ. 17 ஹெலிகொப்டர் ரேலியா அணையில் வாளியை அமிழ்த்தி, நடை நடையாக 16,000 லீற்றர் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியது. 1964 ஒப்பந்தத்தால் நம் தோட்டங்களை விட்டு அனுப்பப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் குடியேறியது அந்த நீலகிரியில்தான். அங்கே புகை எழுந்தால் கண்டிப் பக்கத்து லயங்களிலும் யாரோ ஒருவர் சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்திருப்பார்.

குன்னூரிலும் தரையில் வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள். மேலிருந்து விழும் தண்ணீர் தீயின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆள் போய்த் தீத்தடுப்புக் கோடு வெட்டி, பச்சைக் கிளையால் அடித்து, சாம்பலைக் கிளறிப் பார்க்காவிட்டால் மானாப்புல்லின் அடியில் கிடக்கும் கனல் மறுபடி மூண்டுவிடும். மெண்டன்ஹாலில் ஸ்டியர்மன் பறந்ததும் தரையில் நின்றவர்களுக்குத் துணையாகத்தான். ஆகவே ஹந்தானையில் முதல் ஒரு மணி நேரத்தில் தீயை எட்டக்கூடிய தோட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் கருவியும் கொடுப்பதே முதல் வேலை என்பேன். ஹெலிகொப்டர் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆனால் தரையே இல்லாத இடத்தில் தீப்பற்றினால்?

2020 செப்டம்பர் 3ஆம் திகதி காலை. சங்கமன்கண்டிக்குக் கிழக்கே 38 கடல் மைல் தொலைவில் நியூ டயமண்ட் என்ற கப்பல் எரியத் தொடங்கியது. கப்பலில் 23 பேர் இருந்தார்கள். வயிற்றில் 2,70,000 தொன் மசகெண்ணெய். விமானப்படை ஹெலிகொப்டர் கடலுக்கு மேல் புறப்பட்டது. அங்கே என்ன நடந்தது? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)