காற்றைத் தேடிய கப்பல்

விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டன், எதிரியை நினைப்பதற்கு முன் காற்றை நினைக்க வேண்டும். எதிர்க்காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்துதான் விமானத்தைத் தூக்கிவிடும். காற்று அடங்கிய நாளில் கப்பல்தான் ஓடி ஓடிக் காற்றை உண்டாக்க வேண்டும். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஐஎன்எஸ் விக்ராந்தின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கு வாய்த்ததோ, ஓடத் திணறும் கப்பல்.

நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். மணிக்கு 25 கடல்மைல் வேகத்தை நெருங்கி ஓட வேண்டிய கப்பல் 16 கடல்மைலிலேயே மூச்சு வாங்கியது. கப்பலை நகர்த்தும் அதே நீராவிதான், விமானத்தைக் கவண்கல்போல் வீசும் கருவிக்கும் போக வேண்டும். ஒரே அடுப்பில் இரண்டு உலை! 1965 போரின்போதும் விக்ராந்த் பழுதுபார்ப்பில்தான் கிடந்தது. இம்முறையும் அதைக் கரையில் கட்டிப்போட கடற்படைத் தலைமைத் தளபதி நந்தா சம்மதிக்கவில்லை.

கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்துக்குத் தலைவர், நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸில் ஒளித்து வைத்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் அது நிற்பதாக ஒரு நாடகம் போட்டார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல், விக்ராந்த் வேஷத்தில் ஓயாமல் வானொலிச் செய்திகளை அனுப்பியது. அவற்றில் ஒன்று, மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நலம் விசாரித்து அனுப்பும் தந்தி. ராணுவ ரகசியத்துக்கு நடுவே அம்மாவைக் கொண்டுவந்து செருகிய அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்ட பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, சென்னைப் பக்கம் விக்ராந்தைத் தேடிவிட்டு விசாகப்பட்டினம் வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, துறைமுகத்துக்கு வெளியே வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளா, காஸியே விதைத்த கண்ணிவெடியா? இரு நாட்டாரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

விடிந்ததும் ஸ்வராஜ் பிரகாஷின் முறை. விமானம் கிளம்ப, கப்பலைக் காற்றின் முகத்துக்குத் திருப்பி வளையாமல் நேராக ஓட்ட வேண்டும். நீர்மூழ்கி காத்திருப்பதும் அந்த நேர்கோட்டுக்குத்தான். அவர் திருப்பினார். சீ ஹாக் ஜெட்டுகள் காக்ஸ் பஜார் விமானத் தளத்தையும் பிறகு சிட்டகாங்கையும் தாக்கின. பின்னர் விக்ராந்தின் பிரெஞ்சுத் தயாரிப்பு அலிஸே விமானங்களும் சேர்ந்துகொள்ள, கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக முடங்கின.

டிசம்பர் 16, டாக்கா. இந்தியத் தளபதி அரோராவும் பாகிஸ்தான் தளபதி நியாஸியும் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திடும் அந்தப் புகழ்பெற்ற படத்தில், பின்னால் நிற்பவர்களில் கிருஷ்ணனும் ஒருவர். ஸ்வராஜ் பிரகாஷுக்கு மகாவீர் சக்ரம் கிடைத்தது. விக்ராந்தின் கொதிகலனில் விரிசல் அப்போதும் அப்படியேதான் இருந்தது.