திருப்பாவை (எம்.எல்.வி. இசைத்தட்டு)

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களையும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டில் எம்.எல்.வசந்தகுமாரி பாடிய ஒலிப்பதிவு; எச்.எம்.வி. வெளியீடு. புகழ்பெற்ற பாட்டுகளைப் பின்னால் திரட்டித் தொகுப்பாக விற்பது இசைத்தட்டு உலக வழக்கம். இங்கே தொகுப்பு முன்பே இருந்தது. அதற்கு இசைத்தட்டுதான் ஆயிரம் ஆண்டு தாமதமாக வந்தது.

ஆண்டாளின் காலம் 8-ஆம் நூற்றாண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. பின்னர் நாதமுனிகள் ஆழ்வார்களின் பாசுரங்களை நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமாகத் தொகுத்தபோது திருப்பாவையும் அதில் சேர்ந்தது. அவற்றுக்குப் பண்ணமைத்துப் பாடவைத்தவரும் அவரே என்பது வைணவ மரபு. அந்த வழியில் வந்த அரையர் சேவை ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்களில் இன்றும் நடக்கிறது. உயரமான குல்லாய் அணிந்து, கையில் தாளத்துடன் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கும் அரையர்கள் பரம்பரையாக ஆண்களே. தோழியரை எழுப்பும் ஒரு பெண்ணின் பாட்டு, அவள் பிறந்த ஊர்ச் சன்னிதியிலேயே ஆண் குரலில்தான் ஒலித்துவந்தது.

கச்சேரி மேடைக்கு அதைக் கொண்டுவந்தவர் அரியக்குடி (1890–1967). இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் தந்தவர் என்று போற்றப்படும் அவர், முப்பது பாசுரங்களுக்கும் தனித்தனி ராகம் வைத்தார். முதல் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் அமைந்த அதே கன ராகங்கள், அதே வரிசையில்! தமிழ்ப் பாசுரத்தைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கிய காலத்தில் இது சாதாரண முடிவல்ல. மழையை வேண்டும் நான்காம் பாசுரத்துக்கு வராளி, ஏழாவதுக்குப் பைரவி, பத்தாவதுக்குத் தோடி, கூடாரவல்லி நாளுக்குரிய 27-ஆம் பாசுரத்துக்குப் பூர்விகல்யாணி. 29-ஐ மத்தியமாவதியில் அமைத்து, சுருட்டியில் மங்களமாக முடித்தார்.

வசந்தகுமாரி (1928–1990) ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் சீடர். 'மணமகள்' (1951) படத்தில் பி.லீலாவுடன் பாடிய 'எல்லாம் இன்பமயம்' மூலம் பட்டிதொட்டி அறிந்தவர். 1977-இல் சங்கீத கலாநிதி. குருவைப் போல வேகமான பிருகாக்களுக்குப் பெயர் போனவர், திருப்பாவையில் அந்த வித்தையை அடக்கி வாசித்திருக்கிறார். சொல் தெளிவாக விழுகிறது, எட்டு அடியும் பிசிறில்லாமல் நகர்கிறது. சங்கதி எண்ணிக் கேட்பவருக்கு இது குறையாகப் படலாம். ஆனால் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கூடப் பாடுகிறவர்களுக்கு ஏற்றது இதுதான்.

எல்.பி. இல்லாமல் இது நடந்திராது. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான். பக்கத்துக்கு ஒரு பாசுரம் என்றால் 15 தட்டுகள் வேண்டும். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. அந்தச் சுமையைக் குறைத்தது. அடுத்து வந்த கேசட், கோயில் மைக் செட்டுக்கு இன்னும் தோதாக இருந்தது. அகில இந்திய வானொலி மார்கழிக் காலையில் அன்றன்றைய பாசுரத்தை ஒலிபரப்ப, மெட்டும் பாட்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. ஏ.ஆர்.ரகுமான் 'சங்கமம்' (1999) படப் பாட்டில் முதற் பாசுரத்தைக் கையாண்ட பிறகும், அதைச் சொன்னதும் பலருக்கு வாயில் வருவது நாட்டைதான்.

இன்று இப்பதிவு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. முதன்முறை கேட்பவர் முப்பதையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். மார்கழி முதல் தேதி தொடங்கி நாளுக்கொன்றாகக் கேளுங்கள்.