வே புரோட்டீன் பவுடர்: தேவையா, பயனுள்ளதா, ஹலாலா?

உடற்பயிற்சிக் கூடங்கள் இன்று சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. ஃபஜ்ருக்குப் பிறகும் இஷாவுக்குப் பிறகும் அங்கே செல்லும் நம் இளைஞர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் சேர்ந்த ஒரே மாதத்தில் பலருடைய வீட்டில் ஒரு பெரிய டப்பா வந்து உட்கார்ந்துவிடுகிறது. பயிற்சியாளர் சொன்னார் என்று மகன் வாங்கிவருகிறான். அது மருந்தா, ஊசி போன்ற ஏதாவதா என்று தாய் பயப்படுகிறார். மாதம் மூவாயிரம் ரூபாய் இதற்கா என்று தந்தை கேட்கிறார். இது ஹலாலா என்ற கேள்வி நம்மிடம் வந்து சேருகிறது.

இவற்றுக்கு ஒற்றை வரியில் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பொருள் என்ன, உடலில் என்ன செய்கிறது, எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாகவே தெளிவாகும்.

வே என்பது என்ன?

வீட்டில் பாலைத் திரித்துப் பன்னீர் செய்யும்போது கட்டி ஒருபுறமும், இளம்பச்சை கலந்த தண்ணீர் ஒருபுறமும் பிரியும். அந்தத் தண்ணீர்தான் 'வே'. பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின்; அது கட்டியில் தங்கிவிடும். மீதி 20 சதவீதம்தான் வே புரதம். 10 லிட்டர் பாலில் ஏறக்குறைய 1 கிலோ சீஸ் கிடைக்கும். மீதி 9 லிட்டர் தண்ணீராகப் பிரியும். அந்தத் தண்ணீரிலும் புரதம் 1 சதவீதத்திற்கும் குறைவுதான்.

மேலை நாடுகளின் சீஸ் ஆலைகள் இதை ஒரு காலத்தில் கழிவாக ஆற்றில் விட்டன, பன்றிகளுக்கும் ஊற்றின. பிறகு மிக நுண்ணிய சல்லடை போன்ற சவ்வுகளால் வடிகட்டும் தொழில்நுட்பம் வந்தது. கழிவாகப் போனது விலையுள்ள பொருளானது. வடிகட்டி உலர்த்திய தூளைத்தான் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

இதில் மூன்று வகை உண்டு. 'கான்சன்ட்ரேட்' வகையில் தரமானது என்றால் சுமார் 80 சதவீதம் புரதம் இருக்கும். கொஞ்சம் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரையும் இருக்கும். 'ஐசோலேட்' வகையில் 90 சதவீதமோ அதற்கு மேலோ புரதம். லாக்டோஸ் மிகக் குறைவு. 'ஹைட்ரோலைசேட்' என்பது நொதிகளைக் கொண்டு முன்கூட்டியே சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம்.

ஆக, இது மருந்தும் அல்ல, ஸ்டீராய்டும் அல்ல. பாலிலிருந்து பிரித்தெடுத்த உணவு. தாய்மார்களின் முதல் அச்சத்திற்கு இதுவே பதில்.

தசை எப்படி மீள்கிறது?

எடை தூக்கும்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்து முன்பைவிட வலுவாகக் கட்டுகிறது. அதற்கான கட்டுமானப் பொருள் அமினோ அமிலங்கள். அவை புரதத்திலிருந்து வருகின்றன. அவற்றில் லியூசின் என்பது கட்டுமானத்தைத் தொடங்கிவைக்கும் சாவி போன்றது. வே புரதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு லியூசின் இருக்கிறது. விரைவாகச் செரிக்கவும் செய்கிறது. இதன் புகழுக்கு இந்த இரண்டும்தான் காரணம்.

ஆனால் பயிற்சி முடிந்த அரை மணி நேரத்திற்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று கூடங்களில் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பயிற்சிக்குப் பின் தசையின் கட்டுமானப் பணி 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கிறது. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். நேரம் அதற்கு அடுத்தபடிதான்.

பலன் எவ்வளவு? 2018ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் 49 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளியானது. எடைப் பயிற்சி செய்தவர்களில் கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடச் சராசரியாகக் கிடைத்த கூடுதல் பலன் சுமார் 300 கிராம் கொழுப்பற்ற உடல் எடை மட்டுமே. தசையை வளர்த்தது முக்கியமாகப் பயிற்சிதான். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவைத் தாண்டிய புரதத்தால் மேலும் பலன் இல்லை என்பதும் அதில் தெரியவந்தது.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வரும் உடல்வலியையும் இந்தத் தூள் பெரிதாகக் குறைப்பதில்லை. அதற்கு உறக்கமும், அந்தத் தசைக்கு ஓய்வும், படிப்படியாக எடையைக் கூட்டுவதும்தான் வழி. இரவு இரண்டு மணி வரை கைபேசி பார்த்துவிட்டுக் காலையில் பவுடர் குடிப்பவர், அஸ்திவாரம் தோண்டாமல் சிமெண்ட் மூட்டை வாங்கி அடுக்குபவரைப் போன்றவர்.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

பொதுவாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது ஐசிஎம்ஆர் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். கடுமையான எடைப் பயிற்சி செய்பவர் 1.6 கிராம் என்ற உச்ச அளவையே எடுத்துக்கொண்டாலும் 96 கிராம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முட்டையில் 6 கிராம் என்றால் மூன்று முட்டையில் 18. சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20. சமைத்த எலும்பில்லாக் கோழி 100 கிராமில் 27க்குக் குறையாது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8. கால் லிட்டர் பாலில் 8. ஒரு கிண்ணம் தயிரில் 5. சோறு, இட்லி, பருப்பு எல்லாம் சேர்ந்து இன்னொரு 15 முதல் 20. மொத்தம் நூறைத் தாண்டிவிட்டது. டப்பா திறக்கவே இல்லை.

செலவையும் பாருங்கள். ஒரு கரண்டி பவுடரில் கிடைக்கும் 24 கிராம் புரதம் நான்கு முட்டைகளில் கிடைக்கும். கிலோ 3,000 ரூபாய் டப்பாவில் 30 கிராம் கரண்டி ஒன்றுக்கு 90 ரூபாய் ஆகிறது. நான்கு முட்டைக்கு அதில் பாதிகூட ஆகாது. வீட்டில் தம்பி தங்கைகளின் பாலைக் குறைத்து ஒருவருக்கு மட்டும் டப்பா வாங்குவது முறையல்ல.

ஆனாலும் சிலருக்கு இது வசதியானதுதான். விடுதியிலோ வெளிநாட்டிலோ தங்கிச் சமைக்க வழியில்லாதவர், அசைவம் குறைவாகச் சாப்பிடுபவர், பசி குறைந்த முதியவர் போன்றோர் அன்றாட உணவில் விழும் குறையை ஒரு கரண்டியால் நிரப்பிக்கொள்ளலாம். முதியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். எல்லோருக்கும் இது உணவுக்குத் துணையே தவிர, உணவுக்கு மாற்று அல்ல. 2024 மே மாதம் ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர்களை நாடுவதைத் தவிர்க்கவே சொல்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை, இனிப்பூட்டிகள், செயற்கை மணங்கள் ஆகியவற்றையும் அது சுட்டிக்காட்டுகிறது.

டப்பாவில் எழுதியிருப்பது உண்மையா?

2024இல் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொருட்களைச் சோதித்த ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

ஏமாற்றும் வழி எளிது. வழக்கமான சோதனை நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து கணக்கிடுகிறது. ஆகவே கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்துவிட்டால் புரதம் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். பொருட்பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் எச்சரிக்கை தேவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

- 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும்.
- 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்ற கணக்கு. கரண்டி அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.
- உடையாத முத்திரை, தொகுதி எண், காலாவதித் தேதி.
- 'மாஸ் கெய்னர்' என்று எழுதியிருந்தால் அதில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான்.

பெயரில்லாத பொட்டலத்தில் பயிற்சியாளர் தரும் தூளையும், 'சீக்கிரம் உடம்பு ஏறும்' என்று தரப்படும் மாத்திரை, ஊசிகளையும் தொடவே கூடாது. அவற்றில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. அது கல்லீரலையும் இதயத்தையும் மலட்டுத்தன்மை வரைக்கும் உடலையும் கெடுக்கக்கூடியது. பெற்றோர் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஹலால் நிலை

பால் ஹலால். கேள்வி பாலில் இல்லை. அதைத் திரிக்கவும் பதப்படுத்தவும் பயன்படுவதில்தான் இருக்கிறது.

முதலாவது, சீஸ் திரிக்கும் 'ரென்னட்' நொதி. பழைய முறையில் இது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும். முறைப்படி அறுக்கப்பட்ட, பால் மட்டுமே குடித்த கன்றிலிருந்து எடுத்தது தூய்மையானது என்பதில் சிக்கல் இல்லை. அப்படி அறுக்கப்படாத பிராணியிலிருந்து எடுத்தது குறித்துத்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு. இமாம் அபூஹனீஃபா அதைத் தூய்மையானதாகவே கருதுகிறார். ஸஹாபாக்கள் இராக் பகுதியில் மஜூஸிகளின் பாலாடைக்கட்டியை உண்டதை இக்கருத்துடையோர் ஆதாரமாகக் காட்டுவர். ஷாஃபிஈ மத்ஹபில் அது அசுத்தம். நம் பகுதியில் இரு மத்ஹபினரும் வாழ்வதால் ஒருவர் மற்றவரைக் குறை சொல்ல இதில் இடமில்லை.

இன்று பெருமளவு சீஸ், நுண்ணுயிர்களில் வளர்த்தெடுத்த நொதியால் திரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1990இலேயே இதற்கு அனுமதி கிடைத்தது. இதில் பிராணியை அறுக்கும் கேள்வியே எழாது. ஆனால் பன்றியிலிருந்து எடுக்கும் பெப்சின் கலந்த நொதிகளும் உலகில் உண்டு. அது கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை.

இரண்டாவது, பலரும் கவனிக்காதது: ஹைட்ரோலைசேட் வகை. புரதத்தை உடைக்கப் பயன்படும் டிரிப்சின் நொதி பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்படுவது உண்டு. ஆகவே இந்த வகைக்கு ஹலால் சான்று பார்ப்பது அவசியம். மூன்றாவது, மாத்திரை உறைகளிலும் சில கலவைகளிலும் உள்ள ஜெலட்டின்.

இந்தியாவில் விற்கும் பொருளில் பச்சை வட்டம் இருந்தால், சேர்மானங்களில் பால் பொருட்கள் தவிர விலங்குப் பொருள் இல்லை என்று பொருள். பழுப்பு முக்கோணம் இருந்தால் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்று அறியாமல் வாங்க வேண்டாம். மலேசியாவின் ஜாகிம் போன்ற அமைப்புகளின் சான்று இருந்தால் மனம் நிம்மதி அடையும். சான்று இல்லை என்பதற்காகவே ஒன்றை ஹராம் என்று சொல்லிவிடக் கூடாது. தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்கலாம். பதில் வரவில்லை என்றால் முட்டை இருக்கிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நீரிழிவு, கல்லீரல் நோய் உள்ளவர்களும் கேட்க வேண்டும். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆபத்து. பால் குடித்தால் வயிறு உப்புபவர்களுக்கு ஐசோலேட் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். பள்ளி மாணவர்களுக்கு இது தேவையில்லை. வளரும் வயதில் வேண்டியது வேளைக்கு நல்ல சாப்பாடு.

ரமளானில் பயிற்சி செய்பவர்கள் கடினமான எடைகளை இஃப்தாருக்குப் பிறகோ தராவீஹுக்குப் பிறகோ வைத்துக்கொள்வது நல்லது. புரதத்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் பிரித்து உண்ணலாம். பருப்பும் கறியும் சேர்ந்த நோன்புக் கஞ்சியோடு ஒரு முட்டையும், ஸஹரில் தயிரும் இருந்தாலே பாதித் தேவை தீரும். தண்ணீரை மறக்க வேண்டாம்.

உடல் ஓர் அமானிதம். அதை வலுவாக வைத்திருப்பது நன்மை. அதன் பெயரால் வீண்விரயம் செய்வது நன்மையல்ல. மகன் டப்பா கேட்டால் கோபப்படாமல் அவனோடு உட்கார்ந்து ஒரு நாள் சாப்பாட்டின் புரதக் கணக்கை எழுதிப் பாருங்கள். குறை இருந்தால் முதலில் அடுப்படியில் நிரப்புங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால், சரிபார்த்த ஒரு டப்பாவை மனக்குழப்பம் இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.