ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் தமிழ்ப் பேச்சுவழக்கு

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2016-இல் ‘ஐயோ’வையும், 2017-இல் ‘அண்ணா’வையும் சேர்த்துக்கொண்டது. கட்டுமரமும் சுருட்டும் எப்போதோ கப்பலேறிய சரக்குகள். யூல், பர்னெல் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியம் (1886) அவற்றைப் பதிந்துவைத்தது. புதியவை பண்டத்தின் பெயரல்ல, வாய்ப்பேச்சு. தென்னிந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எங்கும் ‘ஐயோ’ ஆங்கிலப் பேச்சுக்குள்ளும் விழும். வியப்பு, சலிப்பு, பதற்றம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஆனால் அகராதியில் ஏறப் புகழ் மட்டும் போதாது: பல ஆண்டுகள் எழுத்தில் புழங்கிய சான்று திரண்டால்தான் ஆசிரியர் குழு ஏற்கும். ஒருமுறை ஏறிய சொல்லை நீக்குவதில்லை. எதிர்த்திசையில், ஆங்கிலம் தமிழுக்குள் வருவதும் உண்டு: வல்லக்கோட்டையை அடுத்த ஒரகடம் ஆலைகளில் ‘ஷிப்ட் மாத்துறது’, ‘ஓ.டி. பாக்குறது’ இரண்டும் அசல் தமிழ்தான். தமிழிலும் இக்கால வழக்குக்கென ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ 1992-இல் வெளிவந்தது.