உலகக்கோப்பையைத் துறந்த பந்தாட்ட வீரர்: ரஷீத் மக்லூஃபி

பந்தாட்டம் வீண் பொழுதுபோக்கு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. தொழுகை நேரத்தை மறக்கடிக்கும் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சரியே. ஆயினும், ஒரு சமுதாயத்தின் விடுதலைக்குப் பந்தாட்டமே குரலாக ஒலித்த காலமும் வரலாற்றில் உண்டு. அந்த வரலாற்றின் நடுவில் நிற்பவர் அல்ஜீரியாவைச் சேர்ந்த முன்கள வீரர் ரஷீத் மக்லூஃபி. 2024 நவம்பர் 8 அன்று, தமது 88ஆம் வயதில் அவர் இவ்வுலகைப் பிரிந்தார். நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்வு அவருடையது.

ஸதீஃப் நகரத்துச் சிறுவன்

1830இல் பிரான்சு அல்ஜீரியாவைக் கைப்பற்றியது. நூறாண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டு முஸ்லிம்கள் தம் சொந்த மண்ணிலேயே இரண்டாம் தரக் குடிகளாக வாழ்ந்தனர். மக்லூஃபி 1936இல் ஸதீஃப் நகரில் பிறந்தார். 1945 மே 8 அன்று, செர்மனி சரணடைந்ததை ஐரோப்பா கொண்டாடிய அதே நாளில், ஸதீஃப் மக்கள் தங்களுக்கும் விடுதலை வேண்டுமென்று கொடியேந்தி ஊர்வலம் சென்றனர். கொடி பிடித்த இளைஞர் சுடப்பட்டார். மூண்ட கலவரத்தில் ஐரோப்பியக் குடியேறிகள் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். அதற்குப் பழிவாங்கலாக நடந்த அடக்குமுறையில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அப்போது மக்லூஃபிக்கு வயது எட்டு.

புகழின் படிகள்

1954ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், பிரான்சின் சான் எத்தியேன் கழகத்தில் அவர் சேர்ந்தார். சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. தாயகம் தீப்பற்றி எரிகையில், அந்நாட்டை ஆண்டவர்களின் மண்ணில் அவர் பந்தாடிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் அவர் காட்டிய நுட்பம் விரைவிலேயே பேசப்பட்டது. வெறும் வேகத்தையோ உடல் வலுவையோ நம்பியவர் அல்லர் அவர். பந்து வருமுன்பே அடுத்த நகர்வைக் கணித்துவிடும் கூர்மை அவரிடம் இருந்தது. 1957இல் சான் எத்தியேன் முதன்முறையாகப் பிரெஞ்சுச் சாம்பியன் ஆனது. பிரான்சின் தேசிய அணியிலும் அவர் இடம்பெற்றார். 1958 கோடையில் சுவீடனில் நடக்கவிருந்த உலகக்கோப்பைக்கு அவர் செல்வார் என்றே எதிர்பார்க்கப்பட்டது. இருபத்தோரு வயது இளைஞருக்கு வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் மாதத்து மறைவு

1958 ஏப்ரல் நடுப்பகுதியில், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிவந்த ஏறத்தாழப் பத்து அல்ஜீரிய வீரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தனர். மொனாக்கோ கழகத்தின் தடுப்பு வீரரும் பிரெஞ்சு அணியின் தூணுமான முஸ்தஃபா ஸைத்தூனி அவர்களுள் ஒருவர். மக்லூஃபி மற்றொருவர். தேசிய விடுதலை முன்னணியின் அழைப்பை ஏற்று, அவர்கள் எல்லை கடந்து துனிஸ் நகரை நோக்கிப் பயணமாயினர். வழியில் பிடிபட்டுச் சிறை சென்றவர்களும் உண்டு.

மக்லூஃபிக்கு அபாயம் இன்னும் கூடுதல். அப்போது அவர் பிரெஞ்சு இராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தார். ஆகவே, அவர் வெளியேறியது ஒப்பந்த மீறல் மட்டுமன்று. படையை விட்டு ஓடிய குற்றமும் ஆகும். பிடிபட்டிருந்தால் அதற்குரிய தண்டனை காத்திருந்தது. அவர் சுவிட்சர்லாந்து எல்லையைக் கடந்து தப்பினார். அக்கோடையில் பிரான்சு உலகக்கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றது. ஸைத்தூனியும் மக்லூஃபியும் அந்த மேடையில் இல்லை.

நாடில்லாத நாட்டின் அணி

துனிஸில் அமைந்த அணிக்கு அப்போது நாடு இல்லை. கொடியும் கீதமும் மட்டுமே இருந்தன. உலகப் பந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா அதனை ஏற்க மறுத்தது. அவர்களோடு ஆடும் நாடுகளுக்குத் தண்டனை உண்டு என அச்சுறுத்தியது. ஆயினும் வட ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனா, வட வியட்நாம் என்று அவர்கள் பயணம் செய்தனர். ஏறத்தாழ முப்பது வீரர்களாக வளர்ந்த அந்த அணி, நான்கு ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடியது. அவற்றுள் பெரும்பாலானவற்றை வென்றது. வலிமை மிக்க யூகோசுலாவியாவை 6–1 என்ற கணக்கில் வீழ்த்தியது.

கோல் கணக்கு அவர்களின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. ஒவ்வொரு அரங்கிலும் அல்ஜீரியக் கொடி ஏறியதும், கீதம் ஒலித்ததுமே அவர்கள் தேடிய வெற்றி. அல்ஜீரியா பிரான்சின் ஒரு மாகாணம் என்று சொல்லப்பட்ட காலத்தில், அப்படியொரு தேசம் உண்டு என்று பதினொருவர் ஓடியாடிச் சாட்சி சொன்னார்கள்.

ஸுஹைப் (ரலி) அவர்களின் நினைவு

இதைப் படிக்கையில் ஸுஹைப் ரூமி (ரலி) அவர்களின் ஹிஜ்ரத் நினைவுக்கு வருகிறது. வெறுங்கையோடு மக்காவுக்கு வந்து வணிகத்தால் செல்வரானவர் அவர். மதீனா புறப்பட்டபோது குறைஷிகள் வழிமறித்தனர். எங்களிடம் வந்து சேர்த்த பொருளோடு நீர் போக முடியாது என்றனர். செல்வம் முழுவதையும் அவர்களிடமே விட்டுவிட்டு அவர் நடந்தார். அதை இலாபகரமான வணிகம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள்.

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. ஸுஹைப் (ரலி) அவர்களின் பயணம் தீனுக்காக. அவர் ஒரு ஸஹாபி. மக்லூஃபியின் பயணம் தாயக விடுதலைக்காக. ஆயினும் உள்ளத்தின் முன் எழுந்த கேள்வி ஒன்றே. எங்களிடம் வந்து ஆளானவன் எங்களுக்கே உரியவன் என்று பிறர் உரிமை கொண்டாடும்போது, ஈட்டியதைக் கைவிட மனம் துணியுமா?

திரும்பி வந்த நாள்

1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை பெற்றது. மக்லூஃபி, தம் பழைய பயிற்சியாளர் ஷான் ஸ்னெல்லா பணியாற்றிய ஜெனீவாவின் செர்வெட் கழகத்தில் சிறிது காலம் ஆடினார். அவ்வாண்டின் இறுதியிலேயே சான் எத்தியேனுக்குத் திரும்பினார். போரில் பிள்ளைகளை இழந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் இருந்த காலம் அது. வசைமொழியை எதிர்பார்த்தே அவர் களம் இறங்கினார். அரங்கம் அமைதி காத்தது. அவர் பந்தைத் தொட்டு ஆடத் தொடங்கியதும் கரவொலி எழுந்தது.

அதன்பின் 1964, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் கழகம் சாம்பியன் ஆனது. 1968 மே மாதம் நடந்த பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் பொர்தோ அணியை 2–1 என வென்றது. இரு கோல்களையும் போட்டவர் மக்லூஃபி. கோப்பையை வழங்கியவர் அதிபர் தெ கோல். மக்லூஃபி நாடில்லாத அணிக்காக ஊர் ஊராக ஆடிய ஆண்டுகளில் பிரான்சின் அதிபராக இருந்தவரும் அவரே!

பின்னர் அவர் தாயகத்தின் பயிற்சியாளரானார். 1975இல் அல்ஜியர்ஸில் நடந்த மத்தியதரைக்கடல் விளையாட்டுகளின் இறுதியாட்டத்தில் அல்ஜீரியா பிரான்சை 3–2 என வென்றது. 1982 உலகக்கோப்பையில் மேற்கு செர்மனியை 2–1 என வீழ்த்தி உலகை வியக்கவைத்த அல்ஜீரிய அணியின் பயிற்சியாளர்களுள் அவரும் ஒருவர். 1958இல் அவர் துறந்த உலகக்கோப்பை மேடைக்கு, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தம் நாட்டின் அணியோடு அவர் வந்து சேர்ந்தார்.

நமக்கான பாடம்

நம் குடும்பங்களில் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்து வாழ்கின்றனர். உழைக்கும் நாட்டுக்கு நேர்மையாக இருப்பது நம் கடமை. சான் எத்தியேனுக்காகப் போட்ட 150க்கும் மேற்பட்ட கோல்கள் மக்லூஃபியின் நேர்மைக்குச் சான்று. ஆனால் அநீதிக்கு முன்னால் மௌனம் காப்பதற்கான கூலியாகப் பதவியும் பணமும் மாறிவிடக் கூடாது. அந்த நாள் வந்தபோது, அவர் எதை விடுவது என்று தயங்கி நிற்கவில்லை.

பிள்ளைகள் பந்தோடு தெருவுக்கு ஓடும்போது, தொழுகை நேரத்தை நினைவூட்டுவோம். இரவு உணவின்போது இந்த வரலாற்றையும் சொல்லிக்கொடுப்போம். அன்னாரின் பிழைகளைப் பொறுத்து அல்லாஹ் அவருக்கு மறுமையில் நற்பேற்றை வழங்குவானாக! நம் திறமைகளை நீதியின் பக்கம் நிறுத்தும் தவ்ஃபீக்கை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தருவானாக! ஆமீன்.